85, 87, 91: மலைச்சாலையில் டிரெய்லர் இழுக்கும் எஃப்-150க்கு எந்தப் பெட்ரோல்?

கொலராடோ மாநிலத்தில் பெட்ரோல் பம்பின் முன்னால் வண்டியை நிறுத்தினால் மூன்று மஞ்சள் ஒட்டிகள் கண்ணில் படும்: 85, 87, 91. இவை பெட்ரோலின் ஆக்டேன் எண்கள்; 91தான் பிரீமியம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ரெகுலர் என்றால் 87தான். ராக்கி மலைத்தொடரை ஒட்டிய உயரமான ஊர்களில் மட்டும் ரெகுலர் என்ற பெயரில் 85 விற்கிறார்கள். ஆகவே ரெகுலரா பிரீமியமா என்று கேட்பவர், டென்வரில் முதலில் எந்த ரெகுலர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் வி6 எஞ்சின், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் டர்போ இரண்டு, பத்து கியர் ஆட்டோமேட்டிக். வார நாட்களில் பின்தொட்டி காலியாக அலுவலகத்துக்குப் போய்வரும் அதே வண்டி, கோடை வந்ததும் ஏறக்குறைய 5,500 பவுண்டு, அதாவது இரண்டரை டன் எடையுள்ள டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலையேறும். இந்த இரண்டு வேலைகளுக்கும் ஒரே பெட்ரோல் போதுமா, பிரீமியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எங்கே பயன்படுகிறது, எங்கே வீணாகிறது என்பதை நண்பர்களின் அபிப்பிராயத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், எஞ்சினின் கணினி காட்டும் எண்களைக் கொண்டே முடிவு செய்ய விரும்பினேன். அதற்காகச் செய்த சோதனைகளின் பதிவு இது.

இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை. அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளாகும்போது தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே அளக்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். அந்த எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டிப் பெறும் எண்ணுக்கு ஆர்.ஓ.என். என்றும், 900 சுற்றில், கலவையைச் சூடாக்கி, இன்னும் கடுமையான நிலையில் ஓட்டிப் பெறும் எண்ணுக்கு எம்.ஓ.என். என்றும் பெயர். அமெரிக்கப் பம்புகளில் ஒட்டியிருப்பது இவ்விரண்டின் சராசரி. இந்தியாவிலும் இலங்கையிலும் சொல்லப்படுவது ஆர்.ஓ.என். மட்டுமே. அதனால் தமிழ்நாட்டில் 91 என்ற பெட்ரோலைப் போட்டுப் பழகியவரோ, கொழும்பில் 92 போட்டவரோ இங்கே வந்து 87ஐப் பார்த்துத் தரம் குறைந்தது என்று நினைக்கத் தேவையில்லை. இங்குள்ள 87 ஏறக்குறைய அங்குள்ள 91-92க்குச் சமம், இங்குள்ள 91 அங்குள்ள 95ஐ ஒட்டி வரும்.

தானாகத் தீப்பற்றுவது ஏன் கெடுதல் என்றால், ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பிய தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் இன்னும் எரியாமல் நசுங்கிக்கொண்டிருக்கும் கலவை ஒரே நொடியில் வெடித்தால், அந்த அழுத்த அலை பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் தாக்கும். நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இன்றைய எஞ்சின்களில் அந்தச் சத்தம் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டுவதே இல்லை. எஞ்சின் பிளாக்கில் பொருத்திய நாக் சென்சார்கள் முதல் அதிர்விலேயே அதைப் பிடித்துவிடும். கணினி உடனே இக்னிஷன் நேரத்தை, அதாவது பிளக் தீப்பொறி விடும் தருணத்தை, எஞ்சின் சுழற்சிக் கணக்கில் சில டிகிரி பின்தள்ளும், தேவைப்பட்டால் டர்போவின் அழுத்தத்தையும் குறைக்கும். எஞ்சினுக்குச் சேதம் தவிர்க்கப்படுகிறது. ஆனால் அதற்கு ஈடாக இழுவையும் மைலேஜும் குறைகின்றன. ஆக, ஒரு பிக்கப்புக்குப் பிரீமியம் தேவையா என்ற கேள்வியை, அந்த எஞ்சின் எந்த நேரத்தில் எவ்வளவு பின்தள்ளப்படுகிறது என்ற கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிக்கொண்டால் அது அளந்து பார்க்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

இனி 85 பற்றி. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 5,280 அடி உயரத்திலுள்ள டென்வரில் அது சுமார் 83 ஆகக் குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுக்க முடியும் என்பதால் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தமும் குறையும், நாக்கிங்குக்கான வாய்ப்பும் குறையும். கார்புரேட்டர் எஞ்சின்கள் ஓடிய காலத்தில் உயரமான ஊர்களுக்கு 85 போதும் என்று சொன்னது இந்தக் கணக்கில்தான். டர்போ எஞ்சினுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. வெளியே காற்று எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று, கேட்ட அழுத்தத்தைச் சிலிண்டருக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதுவும் மெல்லிய காற்றை அதிகமாக நசுக்க வேண்டியிருப்பதால் அந்தக் காற்று மேலும் சூடாகும். மலை ஊரில் 85 போதும் என்று நம்பி டர்போ பிக்கப்புக்கு அதையே போட்டுவரும் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வண்டியுடன் வந்த கையேடும் இதில் தெளிவாகவே இருக்கிறது. உயரமான பகுதிகளில் ரெகுலர் என்ற பெயரில் 87க்குக் குறைந்த பெட்ரோல் விற்கப்படலாம் என்றும், அதைப் பரிந்துரைக்கவில்லை என்றும் ஃபோர்டு எழுதியிருக்கிறது. 87 போதுமானது, சிறந்த செயல்பாட்டுக்கு 91 அல்லது அதற்கு மேல், அதன் பயன் வெப்பமான காலத்திலும் டிரெய்லர் இழுக்கும்போதும் அதிகமாகத் தெரியும் என்பதும் அதே பக்கத்தில் உள்ளது. கையேடு விலக்கிய பெட்ரோலைச் சோதனைக்காகக்கூட ஊற்றுவதில்லை என்று முடிவு செய்ததால், 85ஐ நான் சோதிக்கவில்லை. ஒப்பீடு 87க்கும் 91க்கும் இடையில் மட்டுமே.

சோதனைக்கு முன் வண்டியைச் சரியான நிலையில் வைப்பது அவசியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் அடைத்துப்போன ஏர் ஃபில்டரும் இருக்கும் வண்டியில் எந்தப் பெட்ரோலைப் போட்டு எடுத்த எண்ணுக்கும் பொருள் இல்லை. ஆறு பிளக்குகளையும் மாற்றினேன். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டோடு கழற்றினால் மரை பாழாகும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை வெளியே எடுத்ததும் பிளக் குழிக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி மணலையும் தூசியையும் ஊதிவிட்டேன். கொலராடோ சாலைகளில் ஓடும் வண்டியின் குழிகளில் மணல் சேர்வது சாதாரணம், ஊதாமல் பிளக்கைக் கழற்றினால் அது நேராகச் சிலிண்டருக்குள் போய்விழும். புதிய பிளக்குகளின் இடைவெளியைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் ஒவ்வொன்றாக அளந்து, கையால் மரையேற்றி, டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முடுக்கினேன். காற்று வடிகட்டியைப் புதிதாகப் போட்டேன். டயர்களுக்குக் காலையில், வண்டி நகர்வதற்கு முன்பே, காற்று பிடித்தேன்.

எண்களைப் படிக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, கைப்பேசியில் ஃபோர்ஸ்கேன் லைட் செயலியை நிறுவிக்கொண்டேன். 1996க்குப் பின் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் இந்த இணைப்பு உண்டு. பொதுவான செயலிகள் இக்னிஷன் நேரம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை போன்றவற்றைக் காட்டும். ஃபோர்ஸ்கேன் ஃபோர்டு வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது என்பதால் இன்னும் ஆழமாகப் போகும். எனக்கு மிகவும் பயன்பட்டது அதில் தெரியும் ‘ஆக்டேன் அட்ஜஸ்ட் ரேஷியோ’ என்ற எண். டாங்கில் இருக்கும் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதைக் கணினி ஓட ஓடக் கற்று, −1 முதல் +1 வரையிலான அளவுகோலில் நினைவில் வைத்துக்கொள்கிறது. −1 என்றால் நல்ல பெட்ரோல், இக்னிஷனை முழுமையாக முன்கொண்டுபோகலாம்; +1 நோக்கி நகர்ந்தால் பெட்ரோல் தாங்கவில்லை என்று பொருள். இதனுடன் நாக்கிங் காரணமாக நொடிக்கு நொடி பின்தள்ளப்படும் டிகிரியையும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின் காற்றின் வெப்பநிலையையும் பதியவைத்தேன். கைப்பேசியைப் பார்ப்பதும் பதிவைத் தொடங்கி நிறுத்துவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் பொறுப்பு; மலைச்சாலையில் டிரெய்லருடன் ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது.

பெட்ரோலை மாற்றியவுடன் அளக்கத் தொடங்குவதில் பயனில்லை. டாங்க் ஏறக்குறைய காலியாகும்வரை ஓட்டி, புதிய பெட்ரோலை நிரப்பி, கணினி கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஏற்றமும் வேகமெடுத்தலும் கலந்து ஓட்டி, அந்த எண் ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் குறிப்பெடுத்தேன். சமதளத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தால் எஞ்சினுக்குச் சுமை வராது, கணினியும் எதையும் கற்காது. மைலேஜை டாஷ்போர்டு காட்டும் எண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஒரே நிலையத்தின் ஒரே பம்பில், முதல் ‘கிளிக்’ சத்தத்தோடு நிறுத்தி, ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுத்தேன். என் வண்டியில் டாஷ்போர்டு எப்போதும் சற்றுத் தாராளமாகவே காட்டுகிறது.

முதலில் 87, காலி வண்டி, அலுவலகப் பயணம். கணினி கற்ற அந்த ஆக்டேன் அட்ஜஸ்ட் எண் −0.5ஐ ஒட்டி நின்றது. சிக்னலிலிருந்து கிளம்பும்போதும் நெடுஞ்சாலையில் கலக்கும்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு டிகிரி பின்தள்ளியது. மற்ற நேரமெல்லாம் பூச்சியம். மைலேஜ் கேலனுக்கு 20.5 மைல். பிறகு 91ஐ நிரப்பி அதே சாலை, அதே நேரம். கற்ற எண் மெல்ல நகர்ந்து −1ஐத் தொட்டது. ஆனால் வண்டியில் நான் உணர்ந்த மாற்றம் எதுவும் இல்லை, மைலேஜ் 20.7, அதாவது ஒரு சதவீதம். அந்த வேறுபாடு எதிர்க்காற்றாலும் வந்திருக்கலாம். டர்போ முழு அழுத்தத்தில் வேலை செய்யாத ஓட்டத்தில் பெட்ரோலின் கூடுதல் தாங்குதிறனுக்கு வேலையே இல்லை என்பதை இந்த எண்கள் ஐயமின்றிக் காட்டின.

உண்மையான சோதனை டிரெய்லருடன்தான். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஐடஹோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜ்டவுன் ஊர்களைக் கடந்து, 11,158 அடி உயரத்திலுள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதை வரை ஏறுகிறது. அதைவிடக் கடினமானது திரும்பும் திசை: மறுபுறம் சில்வர்தோர்னிலிருந்து சுரங்கப்பாதை வரை எட்டு மைல், ஏழு சதவீதம் வரையிலான செங்குத்து, நடுவில் மூச்சுவிட இடமே கிடையாது. பிக்கப் டிரக்குகளின் இழுவையைச் சோதிப்பவர்கள் இந்த ஏற்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

ஜூலை மாதப் பிற்பகல், 87 பெட்ரோல், டிரெய்லரில் தண்ணீரும் சாமான்களும் முழுச்சுமை. ஏற்றம் தொடங்கியதும் கியர் ஐந்துக்கு இறங்கி, எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் போனது. இன்டர்கூலருக்குப் பின்னான காற்று கீழே 95 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்தது. பாதி ஏற்றத்தில் 130ஐத் தாண்டியது. அதோடு பின்தள்ளல் தொடங்கியது: முதலில் இரண்டு டிகிரி, பிறகு மூன்று, டிரக்குகளின் பின்னால் வேகம் குறைந்து மறுபடி மிதித்த இடங்களில் ஐந்துவரை போனது. கற்ற எண் −0.5லிருந்து நகர்ந்து சுரங்கப்பாதை வாயிலை அடைந்தபோது பூச்சியத்தை நெருங்கியிருந்தது. காதுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மணிக்கு 50 மைலைத் தக்கவைக்க ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் அழுத்த வேண்டியிருந்தது ஒன்றுதான் காலுக்குத் தெரிந்தது. கையில் செயலி இல்லாதவர், ஏற்றம் கடினமானது, வண்டி திணறுகிறது என்று மட்டுமே எண்ணியிருப்பார்.

91ஐ நிரப்பி, வெயிலும் சுமையும் ஏறக்குறைய அப்படியே இருந்த இன்னொரு பிற்பகலில் அதே ஏற்றம். காற்றின் வெப்பநிலை முன்போலவே 130ஐத் தாண்டியது. பெட்ரோல் அதை மாற்றாது, மாற்றவும் முடியாது. ஆனால் பின்தள்ளல் பெரும்பாலும் பூச்சியத்திலும் ஒன்றிலுமாக நின்றது, ஓரிடத்தில் மட்டும் இரண்டைத் தொட்டது. கற்ற எண் −0.9க்குக் கீழேயே இருந்தது. அதே 50 மைல் வேகத்துக்கு ஒரு கியர் மேலேயே ஓட முடிந்தது, சுற்று குறைந்ததால் வண்டிக்குள் சத்தமும் குறைந்தது. முழுப் பயணத்தின் மைலேஜ் 87இல் கேலனுக்கு 9.4 மைல், 91இல் 9.9. ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். காலி வண்டியில் கிடைத்த ஒரு சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெட்ரோல் எங்கே வேலை செய்கிறது என்பது விளங்கும்.

பணக் கணக்குக்கு வருகிறேன். விலை வாரந்தோறும் மாறுவதால், கணக்குக்காக 87 கேலன் 3.35 டாலர், 91 கேலன் 3.70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஆண்டுக்கு 10,000 மைல் காலியாக ஓட்டினால் 87க்கு ஏறக்குறைய 1,634 டாலர், 91க்கு 1,787 டாலர்; 150 டாலருக்கு மேல் கொடுத்துப் பெறுவது ஒன்றுமில்லை. 300 மைல் டிரெய்லர் பயணத்துக்கோ 87க்கு 107 டாலர், 91க்கு 112 டாலர். மைலேஜ் மட்டும் அந்தச் செலவை முழுதாகத் திருப்பித் தரவில்லை. ஆனால் மொத்தப் பயணத்துக்கும் ஐந்து டாலர் கூடுதலாகக் கொடுத்து, மலையேற்றத்தில் ஐந்து டிகிரி பின்தள்ளலைத் தவிர்ப்பதை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். நாக் சென்சார் எஞ்சினைக் காப்பது உண்மைதான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அது நாக்கிங் நடந்த பிறகே செயல்படுகிறது, நடப்பதற்கு முன் அல்ல.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ இதே கேள்வியை ஆய்வகத்தில் சோதித்திருக்கிறது. ரெகுலருக்காக வடிவமைத்த வண்டிகளில் பிரீமியம் ஊற்றுவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2016இலும், பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட, ஆனால் கட்டாயமாக்கப்படாத வண்டிகளில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது என்று 2017இலும் அது அறிவித்தது. என் எண்கள் அதன் இருபுறமும் விழுவதற்குக் காரணம் சுமைதான் என்று கருதுகிறேன்.

வேறு பிக்கப் வைத்திருப்பவர்கள் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ராம் 1500இன் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கு நடுத்தர 89 பரிந்துரைக்கப்படுகிறது, 87உம் ஏற்கப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8க்குப் பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது. அதே வண்டியில் 5.3 லிட்டர் எஞ்சின் இருந்தால் ரெகுலர் போதும். பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பார்த்து, அங்கே ‘பரிந்துரை’ என்றிருக்கிறதா ‘கட்டாயம்’ என்றிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் என்றிருந்தால் கணக்குப் போட இடமே இல்லை.

பிரீமியம் எஞ்சினைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையையும் இங்கே பேசியாக வேண்டும். சுத்தம் செய்வது ஆக்டேன் அல்ல, பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட். 2004இல் வாகன நிறுவனங்கள் சில சேர்ந்து வகுத்த ‘டாப் டியர்’ தரத்தைப் பின்பற்றும் நிலையங்கள், தாம் விற்கும் எல்லா வகைகளிலும் அந்த அளவு டிடர்ஜென்டைக் கலக்க வேண்டும். அத்தகைய நிலையத்தில் வாங்கும் 87, அந்தத் தரம் இல்லாத நிலையத்தின் 91ஐவிட எஞ்சினுக்கு நல்லது. குறைந்த சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது டர்போ எஞ்சின்களில் வரக்கூடிய முன்கூட்டிய தீப்பற்றல் வேறொரு சிக்கல். அதற்குப் பிரீமியத்தைவிடச் சரியான எஞ்சின் ஆயிலே முதல் பாதுகாப்பு. அதைக் கருத்தில் கொண்டு வகுத்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் 2020இல் வந்தது. என் வண்டியில் இப்போது அதுதான்.

நடைமுறையில் இப்போது நான் செய்வது: வார நாட்களில் 87. டிரெய்லர் கட்டும் நாளுக்கு முன்பு டாங்கைக் கால்பங்குக்கு இறங்கவிட்டு, மீதியை 91ஆல் நிரப்புகிறேன். கால்பங்கு 87உடன் முக்கால்பங்கு 91 சேர்ந்தால் 90 வரும்; முன்தினமே நிரப்பி நகருக்குள் சற்று ஏற்றமான சாலைகளில் ஓட்டினால் கணினியும் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கிறது. மலைக்குள் இரண்டாம் முறை நிரப்பும்போது 91 முழுமையாகிவிடும். அங்கே ஒரு கவனம் வேண்டும்: சிறிய மலையூர்களில் முதல் பொத்தான் 85ஆகவே இருக்கும், நடுப்பொத்தான்தான் 87. பழக்கத்தில் முதல் பொத்தானை அழுத்திவிடாமல் மஞ்சள் ஒட்டியின் எண்ணைப் படித்துவிட்டு அழுத்துங்கள். திரும்பி வந்ததும் மிச்சமிருக்கும் 91இன் மேல் 87ஐ ஊற்றுவதில் எந்தக் கெடுதலும் இல்லை, டாங்கைக் காலி செய்யவும் தேவையில்லை. குளிர்காலத்தில், காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது, இதே ஏற்றத்தில் 87 எவ்வளவு தாங்குகிறது என்பதை அடுத்து அளக்க இருக்கிறேன். காற்றின் வெப்பநிலை நூறைத் தொடாமலிருந்தால் பின்தள்ளலும் பாதிக்கு மேல் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.